கணிப்பொறியை அணைக்கும் உரிமை எல்லோருக்கும் வேண்டும்



நம்மில் பலருக்கு முன்கட்டில் கடை, பின்கட்டில் குடித்தனம். அதனால் கணிப்பொறியும் பொதுவானதாகி விடுகிறது. பகலில் அதில் பில் போடுகிறோம், ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறோம், இரவில் பிள்ளைகள் அதிலேயே பாடம் படிக்கிறார்கள். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த மடிக்கணினிகளில் விண்டோசும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்தே வந்தன. ஆகவே இவ்விரண்டு முறைகளும் நம் வீடுகளுக்குப் புதியவை அல்ல.

கணக்கைக் காக்க முதலாளி கடவுச்சொல் வைத்திருப்பது சரியே. ஆனால் கணிப்பொறியை அணைப்பதற்கும் அதே கடவுச்சொல் தேவைப்பட்டால் என்ன நடக்கும்? முதலாளி கொள்முதலுக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டிலுள்ளோர் சுவிட்சை அணைப்பார்கள். அல்லது பிளக்கைப் பிடுங்குவார்கள். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

பிளக்கைப் பிடுங்கினால் என்ன கெடும்?

நாம் பதிந்தவை எல்லாம் அந்தக் கணமே வட்டில் ஏறி விடுவதில்லை. சில நொடிகள் தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்து, பிறகே கணிப்பொறி வட்டில் எழுதுகிறது. சிட்டையில் குறித்ததைப் பிறகு பேரேட்டில் ஏற்றுவது போல. ஏற்றும் முன் சிட்டை காற்றில் பறந்தால் கணக்கு என்னாவது? லினக்சில் 2001 முதல் வந்த ஈ.எக்ஸ்.டி.3 போன்ற கோப்பு முறைகள் இதற்கெனத் தனிக் குறிப்பு எழுதி, வட்டின் அமைப்பைக் காக்கின்றன. பாதி போட்ட பில்லை அவையும் மீட்டுத் தர மாட்டா. முறையாக அணைத்தால், திறந்திருக்கும் வேலைகளை மூடி, மீதியை எழுதி முடித்த பிறகே மின்சாரம் நிற்கும்.

கல்லாச் சாவி வேறு, ஷட்டர் வேறு

கடைப் பையன் இரவில் ஷட்டரை இறக்குகிறான். அதற்காக அவனிடம் கல்லாச் சாவியைக் கொடுக்கிறோமா? கணிப்பொறியிலும் இவ்விரண்டையும் பிரித்து வைக்கலாம்.

விண்டோசில் நிர்வாகி கணக்கை முதலாளி தம்மிடமே வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு ஆளுக்கொரு சாதாரணக் கணக்கு திறந்து கொடுத்தால் போதும். வீட்டுக் கணிப்பொறிகளில் சாதாரணக் கணக்கிலிருந்தும் அணைக்கலாம். சர்வர் வகை விண்டோசில் மட்டும் இந்த உரிமை இயல்பாகக் கிடைக்காது.

லினக்சின் முன்னோடியான யூனிக்ஸ், ஒரே பொறியைப் பலர் பகிர்ந்து கொள்வதற்காக அமைந்தது. ஒருவர் அணைத்தால் எல்லோர் வேலையும் கெடும் என்பதால் அந்த உரிமையை நிர்வாகியிடமே வைத்தனர். இன்றைய வீட்டு லினக்சில், பொறியின் முன் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் பட்டியலிலிருந்தே அணைத்து விடலாம். அப்படி அணைக்க முடியாவிட்டால் 'சூடோ' என்ற வசதி உண்டு. அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1980ஆம் ஆண்டு வாக்கில் உருவானது இது. இன்னாருக்கு இந்த ஒரு கட்டளை மட்டும் என்று அதில் எழுதி வைக்கலாம். கணிப்பொறி பழுது பார்ப்பவரிடம், "அணைக்கும் கட்டளைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தால் கல்லாச் சாவியையே கொடுத்தது போலாகும்.

கவனிக்க வேண்டியவை

ஒருவர் தம் கணக்கைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்க, இன்னொருவர் அணைக்க முற்பட்டால், "வேறொருவர் உள்ளே இருக்கிறார், சேமிக்காதது போய்விடும்" என்று விண்டோஸ் எச்சரிக்கும். அவரைக் கேட்காமல் 'ஆம்' என்று அழுத்தக் கூடாது.

திரை அசையாமல் நின்றுவிட்டால், பவர் பொத்தானை ஒருமுறை இலேசாக அழுத்திப் பொறுத்திருங்கள். அதற்கேற்ப அமைத்திருந்தால், முறையாக அணையும்படி அது கேட்டுக்கொள்ளும். நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மின்சாரமே துண்டிக்கப்படும். அது கடைசி வழி.

மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து போன்ற மலையூர்களில் வடகிழக்குப் பருவமழை கடுமையாகப் பெய்யும். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று மலையிலும் சொல்ல முடியாது, கீழே அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சியிலும் சொல்ல முடியாது. யு.பி.எஸ். தரும் சில நிமிடங்கள் வியாபாரம் தொடர்வதற்கு அல்ல, பில்லை முடித்து முறையாக அணைப்பதற்கே. அந்த நேரத்தில் கடையில் யார் இருந்தாலும், அவருக்கு அணைக்கும் உரிமையும் பழக்கமும் இருந்தாக வேண்டும்.

ஆகவே, இன்று இரவே வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும், கடைப் பையனையும், அவரவர் கணக்கிலிருந்து ஒருமுறை கணிப்பொறியை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். யாரால் முடியவில்லையோ, அவருக்கு நாளையே வழி செய்யுங்கள். முதலாளி ஊரில் இல்லாத நாளிலும் கணக்கு பத்திரமாக இருக்கும்.