இரும்பு முட்டை

சென்ற மாதம் மறைமலை நகரில் என் இல்லத்திற்குப் பழைய மாணவர் ஒருவர் வந்தார். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிபவர். அங்குள்ள தைவான் நாட்டுப் பொறியாளர் அளித்ததென்று சிறு பொட்டலமொன்றை நீட்டினார். உள்ளே நெல்லிக்காய் அளவில் கரிய உருண்டைகள். "அழுகிய முட்டை, தம்பி, எறிந்துவிடு" என்றேன். அவர் முகம் வாடிற்று. என் தீர்ப்புப் பிழையென்பதைப் பின்னரே படித்தறிந்தேன்.

அது 'இரும்பு முட்டை'. தைப்பே நகருக்கு வடக்கே, ஆற்று முகத்துவாரத்திலுள்ள தாம்சுய் என்னும் ஊரின் பெயர்பெற்ற தின்பண்டம். கோழி முட்டையையோ காடை முட்டையையோ அவித்து, சோயாச் சாறும் மணப்பொருள்களும் கலந்த நீரில் மெல்லிய தீயில் கொதிக்க வைப்பர். எடுத்துக் காற்றில் உலர்த்துவர். மீண்டும் கொதிக்க வைப்பர். இவ்வாறு பலமுறை.

வெண்கருவில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பங்கு நீர். உப்பு உட்புக, நீர் வெளியேற, முட்டை சுருங்கிக் கறுத்து ரப்பர்போல் இறுகுகிறது. நீர் குன்றி உப்பு மிகுந்த இடத்தில் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகமாட்டா. சுண்ணாம்பும் சாம்பலும் பூசிப் பதப்படுத்தும் சீன முட்டை வேறு. அங்கே வேலை செய்வது காரப்பொருள்.

இம்முறை நமக்குப் புதிதா? மோர்மிளகாயை நினைத்துப் பாருங்கள். இரவில் உப்பிட்ட மோரில் ஊறல், பகலில் காய்தல், மறு இரவு மீண்டும் அதே மோரில் ஊறல்! அடுப்பின் இடத்தில் நம் சித்திரை வெயில், அவ்வளவே.

புலால் மறுத்த மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊரிலிருந்து முட்டையைப் பற்றிப் பேசுகிறேனே என்று சிலர் நகைக்கலாம். நானும் முட்டை உண்பவனல்லேன். ஆயினும் மறுவாரம் அம்மாணவரை அழைத்து, சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றேன். பொட்டலத்தை அவர் எறியவில்லையாம். விடுதி நண்பர்கள் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு தீர்த்துவிட்டார்களாம்.