வீட்டிலேயே செய்யலாம் கல் நீரூற்று

கல் நீரூற்று வாங்குபவர் கல்லுக்கும் செதுக்குக் கூலிக்கும் லொறிக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார். போலிக்கல்லில் இச்செலவுகள் பெரிதும் மிச்சம். என் கடையில் சீமெந்து வாங்குவோருக்கு நான் சொல்லும் முறை இதுதான்.

சீமெந்து 2 பங்கு, மணல் 3 பங்கு, நன்கு கழுவிய தும்புத்தூள் 3 பங்கு. கையுறை அணிந்து, பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் குழையுங்கள். பெரிய பேசினுக்குள் பொலித்தீன் விரித்து, 2 அங்குலக் கனத்தில் அப்பி, குழாய்க்குத் துளை விடுங்கள். ஓரிரு நாளில் கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்தால் கல்லின் தோற்றம் வந்துவிடும்.

நட்டப்படுபவர்கள் அவசரக்காரர்களே. 4 வாரங்கள் ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். பின்னர் உட்புறம் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடியுங்கள். பூச்சு காய்ந்ததும் நீர் நிரப்பிப் பலமுறை மாற்றுங்கள்; சீமெந்தின் காரம் மீன்களைக் கொன்றுவிடும். பம்பின் மின்னிணைப்பு ட்ரிப் சுவிட்ச் ஊடாகவே செல்ல வேண்டும்.

செய்து விற்க நினைக்கும் சகோதர சகோதரிகள் இன்னொன்றையும் வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுங்கள். பம்ப் நின்றால் டெங்கு நுளம்பு பெருகும். 2017இல் நம் நாட்டில் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமாகும். பம்பை நிறுத்தினால் தொட்டியைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.