முகாம் கலைந்த பிறகு தொடங்கும் நோய்

வடகிழக்குப் பருவமழைக்கு நாள் நெருங்கிவிட்டது. எத்தனை மோட்டார், எத்தனை படகு, எத்தனை முகாம் என்று மாநகராட்சி பட்டியல் வாசிக்கும் காலம் இது. கோட்டூர்புரம், தி.நகர், வேளச்சேரிப் பக்கமிருந்து வரும் வாசகர் கடிதங்களோ வேறு கேட்கின்றன. மழை இரைந்தாலே தூக்கம் போய்விடுகிறதே, இது நோயா? வெள்ளத்தின்போது முகாமில் கவுன்சலிங் கொடுத்தார்களே, பிறகும் ஏன் இப்படி? 2004 சுனாமியையும் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தக் குழப்பத்தின் வேர் ஒரு காலக்கணக்கில் இருக்கிறது. அதைத்தான் பார்க்க வேண்டும்.

பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனவடு நோயை மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறிய பெயர். அந்தக் கையேட்டின் இன்றைய விதிப்படி, அறிகுறிகள் ஒரு மாதத்தைத் தாண்டினால்தான் இந்தப் பெயரைச் சொல்லலாம். நடந்தது கண்முன் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது எல்லாம் முதல் வாரத்தில் பலருக்கும் இருக்கும்; பெரும்பாலோருக்குத் தானாகவே வடிந்துவிடும். வடியாமல் தேங்கினால்தான் நோய். நல்ல விதிதான். துக்கத்தில் இருப்பவரையெல்லாம் நோயாளி ஆக்கிவிடாமல் அது காக்கிறது. ஆனால் அரசின் நாள்காட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகாமும் மருத்துவக் குழுவும் ஆலோசகரும் வருவது தண்ணீர் நிற்கும் நாள்களில். மிக்ஜாம் புயலுக்கான 6,000 ரூபாயை ரேஷன் கடைகளில் இரண்டே வாரத்தில் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பணத்துக்கு அந்த வேகம் சரி. மனநலக் குழுவோ, நோய்க்குப் பெயர் சொல்லக்கூடிய முதல் நாள் வருவதற்குள் பெரும்பாலும் கிளம்பிவிடுகிறது. ஆகவே, 'இத்தனை ஆயிரம் பேருக்கு மனநல ஆலோசனை வழங்கப்பட்டது' என்ற அறிவிப்பை வருகைப் பதிவேடாகத்தான் படிக்க வேண்டும். தானாகத் தேறக்கூடியவர்களே அதில் அதிகம். முதல் மாதத்தில் சோதித்தே ஆபத்தில் உள்ளவர்களைப் பிரித்துவிடலாமே என்றால், அதுவும் எளிதில்லை. பின்னாளில் பி.டி.எஸ்.டி. வருபவர்களில் பாதிப்பேராவது, முதல் மாதத்துக்கென்று வகுத்த 'கடும் மன அழுத்தக் கோளாறு' என்ற பட்டியலுக்குள் அடங்குவதில்லை என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது.

இன்னும் சங்கடமான செய்தி ஒன்று உண்டு. நடந்ததையெல்லாம் உடனே ஒரே அமர்வில் கொட்டச் சொல்லும் முறை 1980களில் உலகெங்கும் பரவியது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. 1997இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, தீக்காயம் பட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு இந்த அமர்வைக் கொடுத்தது, இன்னொரு பிரிவினருக்குக் கொடுக்கவில்லை. 13 மாதம் கழித்துப் பார்த்தால், அமர்வு பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கு நோய். பெறாதவர்களில் 9 சதவீதம். சிறிய ஆய்வு, பெற்றவர்களுக்குத் தொடக்கத்திலேயே காயம் சற்றுக் கூடுதல் என்று ஆட்சேபிக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பும் இந்த முறை நோயைத் தடுப்பதாகக் காணவில்லை. உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைப்பதில்லை. காரணம் பற்றிய ஊகம் எளிது: ஆறத் தொடங்காத நினைவை ஒருமுறை கிளறிவிட்டு, அடுத்த நாள் ஆலோசகர் வராமலிருப்பது. முகாமில் கிளிப்போர்டோடு வந்து 'என்ன நடந்தது, சொல்லுங்கம்மா' என்பவர் நல்ல மனத்தோடுதான் வருகிறார். திரும்பவும் வருவாரா என்பதே கேள்வி.

அப்படியானால் முதல் மாதம் மக்களை விட்டுவிடச் சொல்கிறீர்களா? இல்லை. அந்த மாதத்தில் தேவைப்படுவது உலர்ந்த பாய், பூட்டுள்ள கழிப்பறை, நனைந்துபோன ஆதார் அட்டைக்கு மாற்று, குடும்பம் சிதறாமல் இருப்பது, பேச விரும்பினால் கேட்க ஓர் ஆள். உளவியல் முதலுதவி என்பதே ஏறக்குறைய இவ்வளவுதான். பிறகு நீண்ட துணை வேண்டும். சுனாமியில் உறவினரைப் பறிகொடுத்தவர்களிடம் சென்னையின் ஸ்நேகா அமைப்பைச் சேர்ந்தவர்கள் இதைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் ஒரு கடலோரப் பகுதியில் தொடர்ந்து வீடு தேடிப் போனார்கள். ஓராண்டு முடிவில், அப்படி யாரும் போகாத இன்னொரு பகுதியைவிட இங்கே மனச்சோர்வு குறைந்திருந்தது. குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை என்பது அதன் குறை. ஆனால் மனநல மருத்துவர் எண்ணிக்கை போதாது என்ற வழக்கமான சாக்குக்கு அது பதில் சொல்லிவிடுகிறது. மறுவாழ்வுக் காலத்திலும் மனநலத் துணை தொடர வேண்டும் என்பது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 2009 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. காகிதத்தில் குறை சொல்ல முடியாது.

அதிர்ச்சிக்குப் பின் நோய் வருமா என்பதைக் கணிக்கும் காரணிகளில், அக்கம்பக்கத் துணை இல்லாமை முன்வரிசையில் நிற்கிறது. 2015க்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்களை நாம் என்ன செய்தோம்? பள்ளி ஆண்டின் நடுவில் பெரும்பாக்கத்து அரசுக் குடியிருப்புகளுக்கு ஏற்றிவிட்டோம். வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றத்தானே என்று கேட்கலாம். அந்த நியாயத்தை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாக்கமே சதுப்புநிலத்தை ஒட்டிய இடம். எப்படி இடம் மாற்றுகிறோம் என்பதும் முக்கியம். ஜப்பானின் இவானுமா நகரில் 2011 சுனாமிக்குப் பின் சிலர் தெருவோடு சேர்ந்து குடிபெயர்ந்தார்கள், சிலருக்குக் குலுக்கலில் தனித்தனியே வீடு விழுந்தது. சேர்ந்து போனவர்களிடம் ஒருவரோடொருவர் பழகுவது பெருகியது, தனித்துப் போனவர்களிடம் குறைந்தது. சித்தி வீடும் கடன் கொடுக்கும் மளிகைக்கடையும் பக்கத்தில் இருப்பதும் ஒருவகைச் சிகிச்சைதான். எந்த நிவாரணப் பட்டியலிலும் அதற்கென்று ஒரு வரிகூடக் கிடையாது.

இனி மழைப் பயம். மழை பெய்தும் ஒன்றும் நடக்காத அனுபவம் திரும்பத் திரும்பக் கிடைத்தால்தான் மூளை பயத்தை விடும். சென்னையில் மழை பெய்தால் தண்ணீர் நிஜமாகவே உள்ளே வருகிறது. 2024 அக்டோபரில் வெள்ளத்துக்கு அஞ்சி வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை ஏற்றி நிறுத்தியவர்களுக்கு நோயில்லை, ஞாபகம் இருந்தது. தூறலுக்கே வேலைக்குப் போக முடியாமல், வானம் வெளுத்த பிறகும் வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

தூக்க மாத்திரை போட்டால் சரியாகுமா? டயசெபாம் வகை மாத்திரைகளை முதல் மாதத்தில் இதற்காகக் கொடுக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சிகிச்சை உண்டா? உண்டு, நினைவைப் பாதுகாப்பாக, பல அமர்வுகளில் எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சு சிகிச்சையே முதல் தேர்வு.

காப்பீடு தருமா? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி உடல்நோய்க்குச் சமமாகத் தர வேண்டும்; மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.

யாரைக் கூப்பிடுவது? டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416, கட்டணமில்லை.

பல வருடம் கழித்து மருத்துவரிடம் போகலாமா? போகலாம்.