சுரங்கத்தின் பெயர் சொல்லும் வெள்ளிக்காசு

"பத்து வெள்ளி கொடு" என்று தினமும் பேசுகிறோம். கையில் இருப்பதோ கடுதாசி நோட்டு. பிறகு ஏன் சார் வெள்ளி என்கிறோம் என்று என் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதானே, வாசகர்களே?

அந்தக் காலத்து டாலர் மெய்யாகவே வெள்ளிக்காசு. மலாயாவில் புழங்கிய ஸ்பானிய டாலரும் அப்படித்தான். அதன் பல்போன்ற விளிம்பைக் குறித்தே ரிங்கிட் என்ற பெயர் வந்தது. டாலர் என்ற சொல்லோ ஒரு சுரங்க ஊரில் பிறந்தது. இன்றைய செக் நாட்டில், ஜெர்மன் எல்லையை ஒட்டி யோவாகிம்ஸ்தால் என்றொரு மலையூர். அங்கே வெட்டிய வெள்ளியில் 1520 வாக்கில் ஷ்லிக் பிரபுக்கள் பெரிய காசுகள் அடித்தார்கள். ஊர்ப்பெயரின் வால் தாலர் ஆயிற்று. தாலர் டாலர் ஆயிற்று.

பிற்பாடு ஜெர்மனியில், ஹார்ட்ஸ் மலையிலும் சாக்சனியிலும், 'அவுஸ்பாய்ட்டெ தாலர்' என்ற தனிவகைக் காசு வந்தது. அவுஸ்பாய்ட்டெ என்றால் சுரங்க ஆதாயம். எந்தச் சுரங்கத்து வெள்ளி என்பதைக் காசே சொல்லிவிடும். லாவ்டென்டால் ஊர்க் காசில் ஒரு பெண் தந்திவாத்தியம் வாசிக்கிறாள். 'லாவ்ட்டெ' என்பது அந்த வாத்தியத்தின் பெயர். அதிகாரிகளுக்கும் வேடிக்கை தெரிந்திருக்கிறது! வேறு சில காசுகளில் மலையை வகிர்ந்து காட்டியிருப்பார்கள். மேலே கட்டடங்கள், உள்ளே பாறை உடைக்கும் ஆட்கள், கயிற்று ராட்டினம் சுற்றுவோர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் முகம் தெரியும்.

19ஆம் நூற்றாண்டுச் சாக்சனிக் காசில் 'சுரங்கத்தொழிலின் ஆசி' என்றே பொறித்தார்கள். யாருக்கு ஆசி? ஆதாயம் பங்குக்காரர்களுக்குப் போயிற்று. குழிக்குள் இறங்கியவனுக்குக் கூலிதான். அவன் பிள்ளைகளும் வெளியே தாதுக்கல் பொறுக்கினார்கள். காசில் உருவம் அவனுடையது, காசு அவனுடையதல்ல. இந்த ஒன்றுக்காகவே இவற்றைச் சேகரிக்கலாம் என்பேன்.

வாங்குவோர் எடை பாருங்கள். 1838க்கு முந்திய சாக்சனித் தாலர் ஏறத்தாழ 28 கிராம் நிற்கும். வார்த்த போலியின் ஓரத்தில் ஒட்டுக்கோடு தெரியலாம். காசுமாலை போல வளையம் வைத்து அணிந்த காசில் பற்றவைத்த தழும்பு இருக்கும், விலை குறையும். வீட்டில் கறுத்த காசு ஏதும் இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பாகவே இருக்கட்டும், தேய்த்த காசைச் சேகரிப்போர் விரும்புவதில்லை.