ஏணியில் இறங்குங்கள், எஞ்சின் ஓடுகிறது!

கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், இறக்கம் செங்குத்து. சூடான எண்ணெய் வாசனை மூக்கில் ஏறுகிறதா? வந்துவிட்டோம். இப்போது அண்ணாந்து பாருங்கள்!

எதிரே நிற்பது 135 டன் நீராவி எஞ்சின். சான் பிரான்சிஸ்கோ துறையில் நிற்கும் ‘ஜெரமையா ஓபிரையன்’ என்ற இரண்டாம் உலகப்போர்ச் சரக்குக் கப்பலின் அடிவயிறு இது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குமே? ‘டைட்டானிக்’ படம்! அதன் எஞ்சின் காட்சிகளுக்கு இந்த அறைக்குள்தான் கேமரா இறங்கியது.

மூன்று சிலிண்டர்கள் தெரிகின்றனவா? முதலாவது இரண்டடி அகலம், அடுத்தது மூன்றடி, கடைசியானது கிட்டத்தட்ட ஆறடி! பாய்லரிலிருந்து சீறிவரும் நீராவி முதலில் சின்னதைத் தள்ளும். அங்கே அழுத்தம் குறைந்ததும் நடுவிலுள்ளதற்குப் போகும், பிறகு பெரியதற்கு. ஒரே காப்பித்தூளில் மூன்று முறை டிகாஷன் இறக்குகிற சிக்கனம். நீராவி தளரத் தளர, அது தள்ளும் பிஸ்டன் பெரிதாகிறது. எவ்வளவு அழகான யோசனை!

அதோ, எண்ணெய் விடுகிறவரின் கையைப் பாருங்கள். சுழன்று வரும் கிராங்கின் தாளத்துக்கு ஏற்பக் கையை நீட்டி, பேரிங்கைத் தொட்டுவிட்டு எடுக்கிறார். சூடு ஏறியிருக்கிறதா என்று உள்ளங்கையிலேயே பார்க்கிறார். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 76 சுற்று. எனக்கு மூச்சே நின்றுவிடுகிறது.

இந்தக் கப்பலைக் கட்டிய 1943க்கே இது பழைய பாணி எஞ்சின்தான். டர்பைன்களெல்லாம் போர்க்கப்பல்களுக்குப் போய்விட, எளிதாகச் செய்யக்கூடிய இது சரக்குக் கப்பல்களுக்கு வந்தது. வேகம் 11 நாட், அவ்வளவுதான். ஆனால் ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடிப்பதைவிட வேகமாகக் கப்பல் கட்ட வேண்டியிருந்ததே! துண்டு துண்டாகச் செய்து, ரிவெட் அடிக்காமல் பற்றவைத்து, இப்படி 2,710 ‘லிபர்ட்டி’ கப்பல்களைக் கட்டினார்கள். இதே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ரிச்மண்டில் ஒன்றை ஐந்து நாள்கூட ஆகாமல் நீரில் இறக்கினார்கள். ஐந்து நாள்! நம் கப்பல் பிறந்தது மெயின் மாநிலத்தின் சவுத் போர்ட்லாண்டில். அதற்கும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

மறு வருடமே பிரான்ஸின் நார்மண்டிக் கரை. ஜெர்மனியின் பிடியை உடைக்க நேச நாடுகள் அங்கே நடத்திய படையெடுப்பின்போது இங்கிலாந்திலிருந்து அந்தக் கரைக்கு 11 நடை சரக்கும் ஆட்களும் சுமந்தது.

போர் முடிந்ததும் பக்கத்திலுள்ள சுய்சுன் விரிகுடாவில் ஓரங்கட்டினார்கள். பக்கத்தில் நின்ற கப்பல்கள் ஒவ்வொன்றாக உடைப்புக்குப் போக, இது மட்டும் 33 வருடம் காத்துக்கிடந்தது. தாமஸ் பேட்டர்சன் என்ற கடல்துறை அதிகாரி இதை விடாமல் காப்பாற்றி வைத்திருந்தார். 1979 அக்டோபரில் தொண்டர்கள் பாய்லரைப் பற்றவைத்தார்கள். இழுவைப் படகை நம்பாமல், சொந்த நீராவியிலேயே வெளியே வந்தது!

அதோடு விட்டதா? 1994இல், படையெடுப்பின் ஐம்பதாம் ஆண்டு நினைவுக்கு, பனாமா கால்வாய் வழியாக மறுபடி நார்மண்டிக்கே போனது. படையெடுப்பு நாளில் அங்கே திரண்டிருந்த பெருங்கப்பல்களில் திரும்பி வந்தது இது ஒன்றுதான். மாலுமிகளில் பலர் எழுபதைத் தாண்டிய போர்க்காலத்து ஆட்கள். 2020 மே மாதம் துறையிலிருந்த கிடங்கு பற்றியெரிந்தபோதும், தீயணைப்புப் படகு தண்ணீரைப் பீய்ச்சி இதைக் காப்பாற்றியது.

மணிச் சத்தம் கேட்டதா? மேலே பிரிட்ஜிலிருந்து, எஞ்சின் அறைக்கு ஆணை சொல்லும் தந்தியின் முள்ளைத் திருப்பிவிட்டார்கள். கொஞ்சம் பின்னால் தள்ளி நில்லுங்கள், பெரிய பிஸ்டன் வேகமெடுக்கப்போகிறது!