அதியமான் கொடுத்த குகை

திருநாவலூருக்குப் போகிறவர்கள், சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊரைத் தரிசித்த கையோடு திருக்கோவலூருக்கும் போய், உலகளந்த பெருமாளைச் சேவித்துவிட்டு வீடு திரும்புவது வழக்கம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இன்னும் அரை நாள் ஒதுக்குங்கள். திருக்கோவலூருக்கு மேற்கே, மணலூர்ப்பேட்டைப் பக்கத்தில், பெண்ணையாற்றங்கரையில் ஜம்பை என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு குன்று, பெயர் தாசிமடம்.

குன்று என்றதும் கொடைக்கானலை நினைத்துக்கொண்டு கம்பளிச் சட்டை எடுத்து வைக்காதீர்கள்! பொட்டலும் முள்ளும் பாறையுந்தான். காலையிலேயே ஏறி இறங்கிவிடுவது உத்தமம். வெயில் ஏறினால் பாறை தோசைக்கல்லாகிவிடும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வதும் நல்லது. முள்ளுக்குக் காஞ்சிப் பட்டு, கைத்தறி என்ற பேதமெல்லாம் தெரியாது.

குன்றில் இயற்கையாக அமைந்த ஒரு குகை. அதில் பழந்தமிழ் எழுத்தில் ஒரே ஒரு வரி. சத்தியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாழி இது என்பது அதன் பொருள். பாழி என்றால் முனிவர் தங்கும் இடம். சமண முனிவர்களுக்கு என்கிறார்கள் அறிஞர்கள்.

அதியமானை உங்களுக்குத் தெரியாதா என்ன? கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைப் பாட்டிக்குக் கொடுத்தானே, அவனேதான்! பாட்டி சொன்ன கதையில் வந்த ராஜாவின் பெயர் பாறையில் வெட்டியிருப்பதைப் பார்த்தால் மயிர்க்கூச்செறிகிறது. இந்தக் கோவலூரைப் போரிட்டு வென்றவனும் அவன்தான் என்கின்றன சங்கப் பாடல்கள். ஊரை வென்ற கை குகையையும் கொடுத்திருக்கிறது.

அசோக சக்கரவர்த்தி தம் கல்வெட்டில் சோழ, பாண்டிய, கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரர் என்றும் ஓர் அரச குலத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். அவர்கள் யார் என்று பண்டிதர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். 1981-ல் இந்த வரி கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் விஷயம் தெளிவாயிற்று. அத்தனை நாளும் விடை இந்த முள்காட்டில் பேசாமல் இருந்திருக்கிறது!

குன்றிலிருந்து இறங்கி, ஊரிலுள்ள பழைய சிவன் கோவிலுக்கும் அவசியம் போங்கள். அங்குள்ள கல்வெட்டுகளில் சோழர் காலத்து வழக்கு ஒன்று இருக்கிறது. கிராம அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணிடம் வரி கேட்டார். “நான் கொடுக்க வேண்டியதில்லை” என்றாள் அவள். அவர் விடவில்லை, அவளைச் சத்தியச் சோதனைக்கு உட்படுத்தினார் போலிருக்கிறது. அந்தப் பெண் விஷம் குடித்து இறந்துவிட்டாள்.

அதோடு போயிற்று என்று ஊர் வாயை மூடிக்கொள்ளவில்லை. நாலா திசையிலிருந்தும் பதினெட்டு நாட்டிலிருந்தும் ஜனங்கள் கூடினார்கள். குற்றம் அதிகாரியுடையதே என்று தீர்மானித்தார்கள். பாவம் தீரக் கோவிலில் விளக்கெரிக்க அவர் 32 காசு கொடுத்தார்.

ஓர் உயிருக்கு 32 காசா என்று உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கும் வந்தது. ஆனாலும், வரி கேட்டவர்தான் குற்றவாளி என்று, யாரும் அழிக்க முடியாதபடி கல்லிலே வெட்டி வைத்துவிட்டார்கள்.