குடோனில் 227 கிலோ மக்காச்சோளம் மாயம்... திருட்டா, ஈரமா? சென்சார் போடும் கணக்கு!

ஆயக்குடி என்றாலே கொய்யாதான். காலையில் பறித்து வரும் பழத்தை அன்றைக்கே விற்றாக வேண்டும், குடோனில் வைத்து விலைக்குக் காத்திருக்க முடியாது. பழநி வட்டாரத்தில் விளையும் மக்காச்சோளம் அப்படியில்லை. நன்றாகக் காயவைத்து அடுக்கினால் மாதக்கணக்கில் தாங்கும். ஆனா, வைத்த மூட்டை வைத்தபடியே இருக்கிறதா? இந்தச் சந்தேகத்தாலேயே அறுவடை சமயத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுபவர்கள் உண்டு.

நோட்டில் எழுதும் இருப்புக் கணக்கை சென்சாரிடம் விட்டால்?

எப்படி வேலை செய்யுது?

எலெக்ட்ரானிக் தராசுக்குள் 'லோடு செல்' என்ற உலோகத் துண்டு இருக்கும். எடை ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடையும் மாறும். அந்த மாற்றத்தை எச்எக்ஸ்711 என்ற சின்ன சிப் எண்ணாக்கும், ஈஎஸ்பி32 போர்டு வைஃபை வழியாக மொபைலுக்கு அனுப்பும். சிப், போர்டு இரண்டும் சில நூறு ரூபாய்தான்.

ஆனால் 10 டன் அடுக்கை விலை குறைந்த லோடு செல் தாங்காது. அதனால் வாசலிலேயே தராசு வைத்து, உள்ளே போகும், வெளியே வரும் ஒவ்வொரு மூட்டையையும் எடை போடுவதுதான் கட்டுப்படியாகும். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் தராசை பிஓஎஸ் மெஷினோடு புளூடூத்தில் இணைத்ததும் கிட்டத்தட்ட இதே ஐடியாதான். தராசில் சரியான எடை நின்றால்தான் பில் வரும்.

அப்போ 227 கிலோ எங்கே போச்சு?

இங்கேதான் சிக்கல். 14 சதவீத ஈரத்தோடு 10 டன் மக்காச்சோளம் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஈரம் போக மிச்சம் 8,600 கிலோ. குடோனில் காய்ந்து ஈரம் 12 சதவீதமானால் மொத்த எடை 9,773 கிலோவாகிவிடும். யாரும் ஒரு மணியைக்கூடத் தொடவில்லை, ஆனால் 227 கிலோ குறைவு! 2025-26 ஆதரவு விலையான குவிண்டாலுக்கு ரூ.2,400 கணக்கில் பார்த்தால் சுமார் ரூ.5,400.

எடையை மட்டும் பார்க்கும் சென்சார் இதைத் திருட்டு என்றே சொல்லும். நிஜமாகவே இரண்டு மூட்டையைத் தூக்கியவரும் 'ஈரம் வத்திடுச்சுங்க' என்று தப்பிக்கலாம். ஆகவே உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஈரமானியில் அளந்து எடையோடு பதிவு செய்ய வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே காற்றின் ஈரப்பதம் பார்க்கும் சென்சார் இன்னொரு காவல். அது 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

விவசாயிக்கு என்ன லாபம்?

பதிவு பெற்ற கிடங்கில் வைத்த விளைபொருளுக்கு 2017 முதல் மின்னணு ரசீது தரப்படுகிறது. அதை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்கலாம். இந்தக் கடன்களுக்காக 2024 டிசம்பரில் ரூ.1,000 கோடி உத்தரவாத நிதியையும் மத்திய அரசு அறிவித்தது. ரசீதில் உள்ள சரக்கு குடோனில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் வங்கி பணம் கொடுக்கும்.

மூட்டை யாருடையது, தரம் என்ன என்பதெல்லாம் சென்சாருக்குத் தெரியாது. அதை ஆள்தான் பதிய வேண்டும். லோடு செல்லும் நாளாக ஆக அளவு தப்பும், எடைக்கல் வைத்து அவ்வப்போது சரிபார்க்கணும்.

குடோனில் சரக்கு இறக்கப் போகிறீர்களா? ரசீதில் எடைக்குப் பக்கத்திலேயே ஈரப்பத சதவீதமும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.